முதலுதவிப் பெட்டியின் பூட்டு

ஒரு மரப் பட்டறையில் முதலுதவிப் பெட்டிக்குக் காவலாக ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி தேவசகாயமே வாங்கி மாட்டிய பூட்டு. பெட்டிப் பக்கம் யார் வந்தாலும் அதற்குச் சந்தேகம்தான். பஞ்சைத் திருடத்தான் வருகிறார்கள் என்று நினைக்கும். விரலில் ரத்தம் வழிந்தால்கூட, "சிவப்புச் சாயமாக இருக்கும்" என்று முணுமுணுக்கும்.

ஒருநாள் ரம்பம் முதலாளியின் கையையே பதம் பார்த்துவிட்டது. ரத்தம் கொட்ட, அவர் மயங்கி விழுந்தார். சாவியோ அவர் வீட்டில் இருந்தது. ஓர் ஆள் சுத்தியலை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் ஓடினான்.

"திறந்துவிடப்பா, முதலாளி உயிர் போகுது" என்றது சுத்தியல்.

"சாவி எங்கே? எல்லாரும் சேர்ந்து நாடகம் போடுறீங்களா?" என்றது பூட்டு.

சுத்தியல் ஓங்கி அடித்த அடியில் பூட்டு தரையில் விழுந்தது. கட்டுத்துணியை எடுத்துக் காயத்தை இறுகக் கட்டினார்கள். ரத்தம் நின்றது.

"அவர் கண்ணைத் திறக்கட்டும், உன்னை என்ன செய்கிறார் பார்" என்று பூட்டு கறுவியது.

முதலாளி கண்ணைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், வழியில் கிடந்த பூட்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

பூட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்படியானால் இவரும் திருட்டுக்கு உடந்தைதான்" என்றது.