இஞ்சினில் ஒரு தூக்குப்போசி

"கரி போடற வாய்க்கு மேல ஒரு பலகை இருக்கோணுமுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

சாமியப்பன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பனியன் கம்பெனியில பிசிர் வெட்டறவளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? போயி அடுப்பைப் பாரு."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முன்னறை முழுக்க அடைத்துக்கொண்டு, கட்டில் நீளத்துக்கு நின்றது அந்த ரயில் இஞ்சின். எல்லாம் அவர் கைவேலை. பகலெல்லாம் கம்பெனி மெஷின்களை ரிப்பேர் பார்ப்பார். சாயங்காலம் வந்தால் இதுதான். கைப்பிடிக் கம்பிகூட உடைந்த பனியன் மெஷின் ஊசியில் செய்தது.

வெளிப்பக்கத்தை ஸ்டேஷனில் நின்று பார்த்துப் பார்த்தே செய்து முடித்துவிட்டார். டிரைவர் நிற்கும் உள்பக்கம்தான் வெறும் தகரக்கூடாகக் கிடந்தது. தேர் சமயத்தில் பொருட்காட்சிக்கு வைக்க வேண்டும். ரயில்வேக்காரர்களும் வருவார்கள். எவனாவது உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

உள்பக்கம் தெரிந்த ஆள் இல்லாமல் இல்லை. பொன்னாத்தாளின் அண்ணன் அர்த்தநாரி, ஸ்டேஷனில் கூட்ஸ் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளுகிற இஞ்சினில் கரி போடுகிறவர்தான்.

ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது? பல வருடத்துக்கு முன்னால், கம்பெனி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், ஒருக்கா மேல ஏறிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார் சாமியப்பன்.

"வெளியாளை ஏத்தக்கூடாதுங்க மாப்பிள்ளை. என்ற வேலை போயிரும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார் அர்த்தநாரி.

பெண் கட்டினவன் வெளியாளா?

அன்றைக்கே வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டார் சாமியப்பன். "இனி உங்கொண்ணன்கூட எனக்கும் பேச்சில்லை, உனக்கும் பேச்சில்லை."

பலகைப் பேச்சு நடந்த அடுத்த வாரம் பொன்னாத்தாள் மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். "வழியில எங்கண்ணனைப் பாத்தேனுங்க. பலகை இருக்குதுன்னுதான் அவரும் சொல்றாரு."

"ஆரு உன்னை அவன்கிட்டப் பேசச் சொன்னது?"

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவள் வேலைக்குப் போனதும் பித்தளைத் தகட்டை வெட்டிப் பலகை வைத்தார்.

வைத்துப் பார்த்தால் அவ்வளவு பொருத்தம். அதற்குமேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு என்னவெல்லாம் இருக்கும் உள்ளே?

"உங்கொண்ணன் வேற ஏதாச்சும் உளறுனானா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"விசில் கம்பி நுனியில மரப்பிடி இருக்குமாமுங்க."

மரப்பிடி வந்தது.

"கை துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு கத்தை தொங்குமாமுங்க."

அதுவும் தொங்கியது.

"பலகை மேல ஒரு தூக்குப்போசி. டீ ஆறாம இருக்கறதுக்கு. ஒரு பக்கம் காது ஒடஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருக்கும்."

"காது ஒடஞ்சதையுமா சொன்னான்?"

பொன்னாத்தாள் கொஞ்சம் திணறினாள். "சொன்னாருங்க."

விரல் நுனி அளவுக்கு ஒரு போசி செய்து, காதை உடைத்து, கம்பியும் கட்டினார் சாமியப்பன்.

பொருட்காட்சியில் அந்த இஞ்சினைச் சுற்றித்தான் கூட்டம். பக்கத்தில் ஒரு அட்டை: 'வெளியாட்கள் தொடக்கூடாது'. யாருக்காக எழுதியது என்று சாமியப்பனுக்குத் தெரியும்.

அந்த ஆளும் வந்தார். அட்டையைப் படித்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

சாமியப்பனுக்குப் பொறுக்கவில்லை. இஞ்சின் புகைபோக்கியைப் பார்த்துச் சொன்னார். "சொன்னபடி எல்லாம் வெச்சாச்சு. சரியா இருக்குதான்னு பாத்துக்கலாம்."

"ஆரு சொன்னபடிங்க?" என்றார் அர்த்தநாரி.

"உள்ளே இருக்கறதையெல்லாம் பொன்னாத்தாகிட்டச் சொன்னது ஆரு?"

"நான் சொல்லலீங்களே மாப்பிள்ளை. பொன்னாத்தா என்கூடப் பேசி எத்தனை வருசமாச்சு! தெனமும் வேலைக்குப் போறப்ப ரயில்வே கேட்டுல நிக்கும். கேட்டைத் தெறந்து உட்டாலும் நகராது. எங்க இஞ்சினையேதான் பாத்துட்டு நிக்கும். நான் கையைத் தூக்குனா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கும்." கட்டிய கையை எடுக்காமல், பலகை மேலிருந்த போசியை முகவாயால் காட்டினார். "அது என்ற போசிதானுங்க. காது ஒடஞ்சது எங்க இஞ்சின்காரங்களைத் தவிர ஆருக்கும் தெரியாது."

சாமியப்பன் திரும்பினார். பொன்னாத்தாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"என்கிட்டப் பொய்யா சொன்னே?"

"நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதனால அண்ணன் பேரைச் சொன்னேனுங்க" என்றாள் அவள். "அண்ணன்கூடப் பேசக்கூடாதுன்னீங்க, இன்னைக்கு வரைக்கும் பேசலைங்க. பாக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."