வாசகர் தீர்ப்பு

மாசிலாமணியின் சலூனிலும் ரத்னமாலாதான் சிரித்துக்கொண்டிருந்தாள். நிலைக்கண்ணாடிக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில், மூன்று வர்ணத்தில். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுந்தரராமன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

காலையிலிருந்து இது நாலாவது ரத்னமாலா. பனகல் பார்க் அருகே காபி கிளப்பில் ஒன்று, வெற்றிலைக் கடையில் ஒன்று, சைக்கிள் கடைக் கதவில் ஒன்று. எல்லாம் ‘வெள்ளித் தாரகை’ சினிமாப் பத்திரிகையில் போன மாதம் முழுப் பக்கத்துக்கு வந்த படம்.

அந்தப் படத்தின் முதுகில்தான் போட்டிக் கூப்பனை அச்சிட்டிருந்தார்கள். அந்த வருஷத்து டாக்கிகளில் சிறந்த படம், நடிகர், நடிகை, பாட்டு, வசனம் என்று ஐந்து தங்கப் பதக்கம். வாசகர்கள் வெட்டி அனுப்பும் கூப்பன்களில் யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்கே பதக்கம். ஐந்தையும் சரியாக ஊகித்த வாசகருக்கு, சென்னையில் உள்ள கொட்டகைகள் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷ இலவசப் பாஸ்.

சுந்தரராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. டாக்கி பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ரத்னமாலா மூக்கால் பாடுகிறாள் என்பது அவனுடைய முடிந்த முடிவு. ஆகவே கழுத்தென்றும் கன்னமென்றும் பாராமல் அவள் மேல் கத்தரியை ஓட்டி, கூப்பனை எடுத்து, நடிகைக்கு ‘அலமேலு’ என்று எழுதி அனுப்பிவிட்டான். அலமேலு நடித்தது ஒரே படம். அது பத்தே நாளில் பெட்டிக்குள் போனது. மற்ற நாலு பதக்கத்தையும் அதே படத்துக்குத்தான் எழுதியிருந்தான்.

அதோடு விட்டானா? மயிலாப்பூர் மாமனார் வீட்டில் மச்சினன் சங்கரன் சீண்டிவிட்ட வேகத்தில், ஐந்தில் ஒன்று தப்பினாலும் இனி டாக்கிக் கொட்டகை வாசலை மிதிப்பதில்லை என்று கபாலீசுவரர் மேல் ஆணையிட்டுத் தொலைத்தான். ஒன்றாவது தப்பவேண்டும் என்று அவன் மனைவி ஜெயலக்ஷ்மி அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள். பதக்க விழா இன்று சாயங்காலம்.

“தலைய ஆட்டிக்கினே கீறீங்களே சாமி, கத்தி பட்டுடும்,” என்றான் மாசிலாமணி. “அந்தம்மாவுக்குத்தான் மெடலு. அது படம் இல்லாத கடை ஏது?”

அவன் கூப்பன் அனுப்பினானா என்று சுந்தரராமன் கேட்டான்.

“எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? ஊரே அனுப்பியிருக்கும்.”

இதைக் கேட்டபின் பாதிக் கிராப்போடு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது சுந்தரராமனுக்கு.

மயிலாப்பூர் சபா ஹாலில் நிற்க இடமில்லை. சட்டம் படிக்கும் சங்கரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் ரத்னமாலாவைக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டிவைத்திருப்பவன்.

“அத்திம்பேர், நேத்திக்கே கடைசியா ஒரு படம் பாத்துண்டிருக்கலாம் நீங்க,” என்றான்.

சுந்தரராமன் தண்ணீர் குடிக்க மூன்று தரம் எழுந்து போனான். கொட்டகை இருட்டும், முறுக்கு வாசனையும், திரையில் முதல் வெளிச்சம் விழுகிற அந்த நிமிஷமும் இனி இல்லை.

பத்திராதிபர் வேதநாயகம் மேடையில் நின்று காகிதத்தைப் பிரித்தார். பெரும்பான்மை வாசகர்களின் தீர்ப்பு என்று ஆரம்பித்து, சிறந்த படத்தின் பெயரைப் படித்தார். சுந்தரராமன் எழுதிய படம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்தது நடிகர், அதுவும் அவன் எழுதிய பெயர். பாட்டும் அப்படியே. வசனத்தைப் படித்தபோது சங்கரன் திரும்பி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மிச்சம் நடிகை. முன்வரிசையில் ரத்னமாலா ஜரிகைப் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாராக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அலமேலு,” என்று படித்தார் வேதநாயகம்.

ஹாலே ஸ்தம்பித்தது. கடைசி வரிசையில், தூணோரமாக, ஒல்லியாய் ஒரு பெண் எழுந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்ததும் சுந்தரராமனுக்கும் கண் நிறைந்துவிட்டது. நல்லதை நல்லது என்று சொல்ல ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். இது தெரியாமல் ஒரு மாசமாகச் செத்துச் செத்துப் பிழைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

அடுத்தாற்போல் அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். சங்கரன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. பெண்கள் பக்கத்தில் ஜெயலக்ஷ்மி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மேடை ஏறிப் பாஸை வாங்கிக்கொண்ட சுந்தரராமனுக்கு இறங்க மனம் வரவில்லை. அலமேலு எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள், மொத்தம் எத்தனை ஆயிரம் கூப்பன் வந்தது என்று வேதநாயகத்தைக் கேட்டான். நாளைக்கு ஆபீஸில் சொல்ல வேண்டாமா?

வேதநாயகத்தின் சிரிப்பு மறைந்தது. அவன் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“வெளியில சொல்லிடாதீங்க சார்,” என்றார். “வந்ததே உங்க கூப்பன் ஒண்ணுதான்.”