வலது கன்னம்

மழை மூட்டத்தில் குளியலறை பகலிலேயே மங்கிக் கிடக்கிறது. தகரக் கூரையில் சடசடவென்று ஓயாத சத்தம். கழுத்தில் துண்டோடு, கண்ணை மூடி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் பஸ் ஓட்டுநர். பக்கவாதத்தில் விழுந்த வலது கை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப்போல மடியில் இருக்கிறது. அவருடைய ஸ்டீல் ரேசரில் பிளேடை வைத்துத் திருகுகிறாள் மனைவி. இத்தனை வருடத்தில் அதை அவள் கையில் எடுப்பது இதுதான் முதல்முறை. "அழுத்தாதே. ரேசரோட கனமே போதும், தானா இழுத்துக்கும்," என்கிறார். பிரஷ்ஷால் குழைத்த நுரை இரண்டு கன்னத்திலும் பொங்கியிருக்கிறது. "வலது பக்கம் இப்ப நல்லா உணர்ச்சி வந்துடுச்சு. அடுத்த மாசம் பாரு, ஸ்டியரிங்கைப் பிடிச்சிடுவேன்." "பிடிப்பீங்க, இப்ப வாயை ஆட்டாதீங்க," என்று மூச்சை அடக்கிக்கொண்டு வலது கன்னத்தில் பூப்போல ரேசரை இறக்குகிறாள். தாடை வளையும் இடத்தில் ரேசர் சறுக்கிவிடுகிறது. வெள்ளை நுரையில் சிவப்பு கசிந்து, பரவி, துண்டில் சொட்டுகிறது. திட்டப்போகிறார் என்று தோளைக் குறுக்கி நிற்கிறாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது அவளுக்கு. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "ஏம்மா, இன்னும் என்ன பயம்?" என்கிறார், கண்ணைத் திறக்காமலே. "சும்மா ஆரம்பி."