விளைந்த புகையிலை

பாலம் வயலுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே இருந்தது. ராஜாவின் சிப்பாய்கள் ஆற்றின் மறுகரைச் சாலையில் அதை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய முரசு நன்றாகவே கேட்டது.

"நேரா ஓடுங்க! அவங்களுக்கு முன்னாடி பாலத்தைப் பிடிக்கணும்!" என்று கேப்டன் ஜோசையா தார்ன் குதிரை மேலிருந்து வாளை உயர்த்திக் கத்தினார்.

ஊர்ப்படை ஓடியது. வயலின் விளிம்புக்கு வந்ததும் அத்தனை பேரும் வரப்பில் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டு போனார்கள். போன வாரம்வரை ஏர் பிடித்தவர்கள். இடுப்பளவு நின்ற புகையிலையை மிதிக்க யாருக்கும் கால் வரவில்லை.

"நேதன்! குறுக்கே போடா!"

"வரப்பை விட்டு இறங்கினா காலை உடைப்பேன்னு சொன்னதே நீங்கதானே, கேப்டன்!" என்றான் நேதன் மூச்சிரைக்க. "இந்த வருஷம் நல்லா வேற வந்திருக்கு."

நல்லா வந்திருக்கு. அந்த நிலையிலும் ஜோசையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் அப்பா காடழித்த நிலம் அது. இப்படி ஒரு விளைச்சலை அப்பா பார்த்ததே இல்லை.

குதிரையிலிருந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். முதல் செடியின் மேல் காலை வைத்தார். தண்டு முறிந்து பச்சை வாசனை முகத்தில் ஏறியது.

"பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. மிதிங்க! நல்லா மிதிங்க!"

திரும்பிப் பார்க்காமல் ஓடினார். சற்று நேரம் வயலில் அவருடைய காலடி மட்டுமே கேட்டது. பிறகு பின்னால், வயலின் அகலம் முழுக்க, பெருமழை இறங்குவது போல இலைகள் முறியத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் ராஜாவின் முரசு கேட்கவேயில்லை.