விசாரிக்க வந்தவர்

வலது மணிக்கட்டில் உயிர் போகிற வலி என்று வந்தவர், எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு பதித்த கனத்த கதவை அதே கையால் சுளுவாக இழுத்துச் சாத்தினார். முருகவேலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண் வீட்டு ஆள்!

காலையில்தான் கல்வராயன் மலையிலிருந்து மாமன் செல்லன் போன் செய்திருந்தார். "கச்சிராயபாளையத்துப் பொண்ணு வூட்லேர்ந்து யாராச்சும் நோயாளி கணக்கா வந்து விசாரிப்பாங்கடா. வாய வச்சிக்கினு சும்மா இரு. வேலையப் பத்திப் பொலம்பி இதையும் கெடுத்துக்காத."

மாமன் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. எக்ஸ்ரே அறையில் நிற்கிறவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று எவனோ கிளப்பிவிட்டதில் முதல் சம்பந்தம் போயிற்று. இரண்டாவது, பெண் பார்க்கப் போக வேண்டிய அன்று டியூட்டியை மாற்றிவிட ஆளில்லாமல் போயிற்று. கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் மொத்தமே இவனும் பழனியும்தான்.

இந்தக் கச்சிராயபாளையத்துச் சங்கவியையோ, போட்டோவில் பார்த்ததிலிருந்தே அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. எப்பாடு பட்டாவது இதை முடித்துவிட வேண்டும்.

"இன்னா தம்பி, ஜாஸ்தி நேரம் நிக்க வெக்கிறாங்களா?" என்று வந்தவர் ஆரம்பித்தார்.

"சேச்சே! எட்டு மணி நேரம்தாங்க. முடிஞ்சா கெளம்பிக்கினே இருப்பேன்." நேற்றுக் காலை வந்தவன் இன்னும் வீட்டுப் பக்கமே போகவில்லை. எழுந்த கொட்டாவியைக் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"ஞாயித்துக்கெழம?"

"லீவுதாங்க. நாளைக்கிப் பொண்டாட்டின்னு ஒருத்தி வந்தா, வாராவாரம் கோமுகி டேமுக்குக் கூட்டிக்கினு போவலாம்."

"இந்தக் கதிரு ஒடம்புல படுமே?"

"அதெல்லாம் அந்தக் காலங்க. மேல போட்டுக்க ஈய அங்கி இருக்குது. எவ்ளோ பட்டுதுன்னு அளந்து சொல்ல பேட்ஜ் குடுத்துருக்காங்க." வெடிப்பு விட்ட அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்ஜ் இருக்க வேண்டிய இடத்தை முருகவேல் நைசாகக் கையால் மூடிக்கொண்டான்.

"சம்பளம்?"

"ஒண்ணாந்தேதியானா டாண்ணு வந்துடும். சீக்கிரமே பர்மனெண்டு பண்றோம்னு சொல்லியிருக்காங்க. வெளிநாட்டுக்காரனே எங்க மாதிரி ஆளுங்களத் தேடிக்கினு இருக்கான். நாந்தான் இந்த எடத்த வுட மனசில்லாம இருக்கேன்."

"அப்ப கொறைன்னு ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுகூட இல்லீங்க!"

வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஊர் எது, நிலம் எவ்வளவு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கிடையாது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. வேலையை மட்டுமே பார்த்துப் பெண் கொடுக்கிற இப்படியும் ஒரு மனிதரா என்று முருகவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"சரி, கைய இப்பிடி வைங்க" என்றான்.

"படமெல்லாம் வாணாம் தம்பி. கை நல்லாத்தான் இருக்குது."

"அது மொதல்லியே தெரியுங்க" என்று வெட்கத்தோடு சிரித்தான் முருகவேல்.

"அட, கண்டுபுடிச்சிட்டீங்களா? சரி, இனிமே இன்னா ஒளிவு மறைவு. நான் தொழிலாளர் ஆபீசுலேர்ந்து வர்றேன்." சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

முருகவேலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆள புழிஞ்சி வேல வாங்கறாங்க, லீவு இல்ல, பேட்ஜ் இல்லன்னு இங்கேர்ந்து ஒருத்தரு மாசக்கணக்கா எங்களுக்குப் போன் போட்டுக்கினு இருந்தாரு. நல்லவேள, கூட வேல செய்யற நீங்களே உண்மையச் சொல்லிட்டீங்க. இன்னியோட அந்தப் புகார மூடிடறேன்."

கிளம்பியவர், கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, இங்க முருகவேலுன்றது யாரு தம்பி?"