பத்து மணிக்கு மேல்

குமுதா கடைசியில் பூ விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

கம்பெனிச் சுவருக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு தரை. நான் அதில் குந்தி, காய்ந்த தண்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் யாரோ வந்து நின்றார்கள். முதலில் செருப்பைத்தான் பார்த்தேன். என் பெண்டாட்டி செருப்பு எனக்குத் தெரியாதா?

"இவ்ளோ கலரா?" என்றாள்.

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, இடையில் ரோசு. மண்ணே தெரியாமல் படர்ந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக அவள் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் காத்துக்கிடந்தேன்.

பத்துமணிப்பூவின் குணம் அப்படி. மலாய்க்காரர்கள் ரோஸ் ஜெப்புன் என்பார்கள். பத்து மணி வெயிலுக்கு விரியும். ரெண்டு, ரெண்டரைக்குச் சுருட்டிக்கொள்ளும்.

குமுதா உள்ளே போவது காலை ஏழுக்கு முன்னால். வெளியே வருவது ராத்திரி ஏழுக்குப் பிறகு. உள்ளே ஜன்னல் கிடையாது. கேண்டீனும் உள்ளேதான். கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு, ஏர்கான் குளிரில் மெஷின் லைனில் நின்றே செய்கிற வேலை.

பஸ் ஏறும்போது அவள் பார்ப்பதெல்லாம் சுருண்டு போனதைத்தான்.

"மூக்கு தொடச்சுப் போட்ட டிஷ்யூவையா நட்டு வச்சிருக்கீங்க?" என்பாள். "யாருக்குத்தான் பூக்குது உங்க பூ? கார் பார்க்குக்கா?"

போனில் படம் எடுத்துப் போய்க் காட்டினேன். பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். ஒரு தொட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனேன். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் எங்கள் வாசல் பக்கம் வெயில் ஏறாது. வெயில் இல்லையென்றால் அது வாயைத் திறக்காது. லீவு நாளில் வந்து பார்க்கலாம்தான். லீவு நாளில் எவள் கம்பெனி வாசலுக்கு வருவாள்?

இந்தத் தரையில் வேறு எதுவும் வரவில்லை. சுவர்ச் சூடும் தார் ரோட்டுச் சூடும் சேர்ந்து புல்லைக் கருக்கிவிட்டது. மண்ணைக் கிளறி, மணலும் உடைந்த செங்கல்லும் கலந்து, பத்துமணித் தண்டை விரல் நீளத்துக்கு ஒடித்து ஒடித்துக் குத்தி வைத்தேன். முதல் தடவை, வாடுகிறதே என்று பாவப்பட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் அழுகிப்போனது. அடுத்த தடவை பாவப்படவில்லை. பிடித்துக்கொண்டது.

நேற்று முழுக்க முட்டி போட்டுக் களை பிடுங்கினேன். தோட்டக்காரர்கள் எங்களை மேய்க்கிற மண்டோர் ஹஸ்ருல் சொல்லியிருந்தான்: நாளைக்குப் பத்து மணிக்கு மேல் வாசலில் நிறையப் பேர் நிற்பார்கள், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆள் யாரோ வருகிறான் போல என்று நினைத்தேன்.

நல்ல நாளாகப் பார்த்து இவளும் வந்திருக்கிறாள். அரை நாள் லீவு போட்டிருப்பாள். என்னிடம் சொல்லாமல், பூ பார்க்க.

குமுதா கட்டையில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே மரநிழல் இருக்கிறது, அங்கே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வெயிலில் நீட்டிக்கொண்டாள். குனிந்து ஒரு பூவைத் தொட்டாள்.

"எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"ரெண்டு வரைக்கும். நீ எப்ப உள்ள போவணும்?"

அவள் இன்னொரு பூவைத் தொட்டாள்.

"சொல்லு லா. லைன்ல தேடப் போறாங்க."

பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழக்கத்தில் கை மட்டும் கழுத்துக்குப் போனது. கேட்டில் தட்டுகிற அட்டை அங்கேதான் தொங்கும். கழற்ற மறந்து, அதோடு வீட்டில் சோறு வடித்த நாளெல்லாம் உண்டு.

கழுத்தில் அட்டை இல்லை.

அப்போது பஸ் வந்தது. ராத்திரி ஏழு மணிக்கு வருகிற பஸ். அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னாலும் ஒன்று.

கேட் திறந்தது. பெண்கள் வந்தார்கள். லாக்கரில் கிடந்த குடை, தண்ணீர்ப் புட்டி, காலுறை எல்லாம் பிளாஸ்டிக் பையில். ஒருத்தி கழுத்திலும் அட்டை இல்லை. பஸ் கதவு திறக்கும்வரை பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் எல்லோரும் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹஸ்ருல் சொன்ன நிறையப் பேர் இவர்கள்தான்.

கிள்ளிய தண்டு என் கையிலேயே இருந்தது.

"அக்கா, வரலையா?" குமுதாவோடு ஒரே லைனில் நிற்கிற காமினி பஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். குமுதா கையை ஆட்டி, போ என்றாள். பஸ்கள் போய்விட்டன.

நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு ஐந்து மணி வரைக்கும் வேலை இருந்தது. அவள் நீட்டிய காலைச் சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு மணிக்குச் சிவப்பு முதலில் சுருண்டது. பிறகு மஞ்சள். கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கக் கசக்கிப் போட்ட காகிதம்.

குமுதா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆங். இதுதான் எனக்குத் தெரிஞ்ச பூ."