ஒட்டாத நோய்

கழிச்சல் கண்டு குட்டிகள் செத்துக்கொண்டிருந்த பண்ணையில், ஒரு தாய்ப்பன்றிக்கு மிஞ்சியது ஒரே குட்டி. ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ரத்தமும் மலமும் எடுத்துப்போனதிலிருந்து தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. அவர்களுடைய ஆய்வகத்தில் குடியிருந்த சுண்டெலி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டாங்களா தம்பி?" என்றது பன்றி.

"கண்டுபிடிச்சிட்டாங்க அக்கா. இதுவும் கொரோனா வகையறாதானாம். ஆனா மனுசங்களுக்கு ஒட்டாதாம். எல்லாருக்கும் லட்டு கொடுத்தாங்க. உதிர்ந்தது எனக்கும் கிடைச்சுது."

"மருந்து?"

"அதான் ஒட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சே. மூட்டை கட்டிட்டுக் கிளம்பிட்டாங்க."

பன்றி, குட்டியின் பின்புறத்தை நக்கித் துடைத்தது. பிறகு முன்னங்கால்களை மடித்து, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக வேண்டிக்கொண்டது.

"சாமி, அவங்க பிள்ளைங்கள்ல ஒண்ணுக்காவது இது ஒட்டிக்கணும்."